ஷெர்லாக் ஹோம்ஸைத் தேடி மைரிங்கனில் ஒன்றரை நாள்

சுவிட்சர்லாந்து போய்வந்தேன் என்று சொன்னாலே எல்லோரும் கேட்பது, "யுங்ஃப்ராயோக் ஏறினீர்களா?" ஏறவில்லை. அந்தப் பனிமலை ரயில் டிக்கெட் விலையைச் சொல்லி மனைவியைச் சம்மதிக்க வைத்தேன். உண்மையான காரணம் விலை இல்லை என்பது அவளுக்கும் தெரியும். பள்ளிக்கூட நாட்களில் துப்பறியும் ஹோம்ஸ் கதைகளைப் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தவன் நான். அந்த மனிதரை அவரைப் படைத்த எழுத்தாளர் கானன் டாயிலே தள்ளிவிட்ட அருவியைப் பார்க்காமல் ஊர் திரும்புவதாக இல்லை.

லூசர்னிலிருந்து மைரிங்கனுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். ப்ரூனிக் கணவாயில் ரயில் பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறது. கீழே ஹாஸ்லி பள்ளத்தாக்கு தட்டையாக விரிகிறது, இரு பக்கமும் சுவர் வைத்த மாதிரி மலை. அந்தத் தட்டையான தரையில் மைரிங்கன். மக்கள்தொகை ஐந்தாயிரத்தைத் தொடாது. இறங்கியதும் பசுவின் மணியோசை கேட்கும் என்று எதிர்பார்த்தேன். போர் விமானம் ஒன்று தலைக்கு மேல் கிழித்துக்கொண்டு போனது. பக்கத்திலேயே ராணுவ விமானத்தளம் இருக்கிறது. எந்தச் சுற்றுலாப் படத்திலும் இதைக் காட்ட மாட்டார்கள்.

ஊருக்குள் ஹோம்ஸ் பித்து தெளிவாகத் தெரிகிறது. கானன் டாயில் பெயரில் ஒரு சதுக்கம். அதில் பாறைமேல் உட்கார்ந்து பைப் பிடிக்கும் வெண்கல ஹோம்ஸ், 1988-இல் வைத்தது. அறுபது கதைகளுக்கும் சிலையில் துப்பு ஒளித்து வைத்திருக்கிறார்களாம். நான் நான்கு கண்டுபிடித்தேன், அதில் இரண்டு சந்தேகம். அருகில் ஆங்கிலேயர்களுக்காகக் கட்டிய சின்ன தேவாலயம். அதன் அடித்தளத்தில் 1991-இல் திறந்த அருங்காட்சியகம். ஹோம்ஸின் லண்டன் பேக்கர் தெரு வரவேற்பறையை அப்படியே அமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியதுதான். இல்லாத மனிதருக்கு இருந்த அறை!

சரி, அருவி. ஊரைத் தாண்டி வில்லிகன் வரை நடந்தால் சிவப்பு மரப்பெட்டி வண்டி நிற்கிறது. நம் பழனி விஞ்ச் போலத்தான், ஆனால் 1899-இல் ஓடத் தொடங்கியது. மேலே இறங்கியதும் சத்தம் வருகிறது, அப்புறம் சாரல், கடைசியில்தான் தண்ணீர். ரைக்கன்பாக் அருவி பல படிகளாக மொத்தம் 250 மீட்டர் இறங்குகிறது. நாம் பார்ப்பது மேல் படியை. நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் எடுப்பதால் சில காலங்களில் மெலிந்து போகுமாம். ஜூன் மாதம் நாங்கள் போனபோது பனி உருகி, நல்ல முரட்டுத்தனமாகவே கொட்டியது. எதிர்ப்பாறையில் ஒரு வெள்ளை நட்சத்திரம். கதைப்படி 1891 மே 4-ஆம் தேதி ஹோம்ஸும் அவருடைய பரம எதிரி மோரியார்ட்டியும் கட்டிப்புரண்ட இடம் அது. சுற்றி ஏறி, பாலம் கடந்து அங்கேயும் போகலாம். செருப்பில் வந்த நான் ஈரப் பாதையில் இருமுறை சறுக்கினேன். "மூணாவது ஆளும் விழுந்தாருன்னு இன்னொரு கல்வெட்டு வைப்பாங்க" என்றாள் மனைவி.

அங்கே நின்றபோது பெரிதாக எதுவும் தோன்றவில்லை, உண்மையைச் சொன்னால். சாயங்காலம் ஊருக்குள் நடந்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஆல்ப்ஸ் ஊர் என்றால் கண்ணில் வருமே, வெயிலில் கறுத்த பழைய மரவீடுகள்? அவை ஊர் நடுவில் இல்லை. பெரும்பாலும் கல் கட்டடம். 1879-இல் ஒருமுறை, 1891 அக்டோபரில் மறுமுறை, ஊர் எரிந்திருக்கிறது. இரண்டுக்கும் உடந்தை 'ஃபோன்' என்னும் காற்று. தெற்கே மலையேறும்போது ஈரத்தைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் சூடாக, வறண்டு, வெறிபிடித்து இறங்கும். முடி உலர்த்தும் கருவிக்கும் ஜெர்மானியர் இதே பெயர்தான் வைத்திருக்கிறார்கள். மரவீட்டுத் தெருவில் ஒரு பொறி விழுந்தால் போதும்.

தேதிகளைப் பாருங்கள். கதையில் ஹோம்ஸ் இங்கே தங்கியது மே மாதம். ஐந்தே மாதத்தில் அந்தத் தெருக்கள் சாம்பல். டாயில் வந்தது 1893-இல். புதுச் சுண்ணாம்பு வாசனை கூடப் போயிருக்காது. எரிந்து எழுந்த ஊரைப் பார்த்துவிட்டு, எரியாத ஊரில் தன் நாயகனைத் தங்கவைத்திருக்கிறார். கதையில் தீயைப் பற்றி ஒரு வரி இல்லை. அருவியை விட இதுதான் எனக்கு அன்றிரவு தூக்கத்தைக் கெடுத்தது.

தீ போதாதென்று வெள்ளம் வேறு. புனித மைக்கேல் தேவாலயத்தின் தரைக்கு அடியில் பழைய தேவாலயங்களின் சுவர்கள் இருக்கின்றன. ஆல்ப்பாக் ஓடை மண்ணும் கல்லுமாய் வந்து மூட, மூடியதன்மேல் கட்டியிருக்கிறார்கள். 1762 வெள்ளம் அதில் பெரியது. படியிறங்கிப் பார்த்தோம், எங்களைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. ஹோம்ஸ் சிலை முன்னால் வரிசை நின்றது.

மறுநாள் ஆரே ஆற்றின் மலையிடுக்கு. இன்னர்ட்கிர்ஷன் போகும் குட்டி ரயில் மலைக்குள்ளேயே நிற்கிறது. பாறையில் ஒரு கதவு, அதைத் தாண்டினால் வெளிச்சம், ஆற்றின்மேல் தொங்குபாலம். பனியாற்றின் அடியில் ஓடிய நீர் சுண்ணாம்புப் பாறையை அறுத்த வழி இது. நீளம் 1.4 கிலோமீட்டர், சில இடத்தில் 200 மீட்டர் ஆழம். பாறையோடு ஒட்டிய பலகை நடைபாதையில் போகிறோம். மிகக் குறுகலான இடம் ஒரு மீட்டர்தான், கை நீட்டினால் இருபுறமும் ஈரம் தட்டுப்படுகிறது. தண்ணீர் பச்சையுமில்லை சாம்பலுமில்லை, பால் கலந்த சிமெண்ட் நிறம். மனைவி பேசாமல் நடந்தாள். வெளியே வந்ததும், "இதுக்காகவே வந்திருக்கலாம்" என்றாள். அவளுக்கு ஹோம்ஸ் ஒரு பொருட்டே இல்லை.

ரோசன்லாவி பள்ளத்தாக்குப் பக்கம் மஞ்சள் தபால் பேருந்தில் போக ஆசை இருந்தது. நேரமில்லை, விட்டுவிட்டோம்.

கிளம்பும் முன் மெரிங்க் வாங்கினோம். கஸ்பரீனி என்ற இத்தாலியர் இங்கே கண்டுபிடித்ததால் ஊர்ப் பெயரே பலகாரத்துக்கு வந்தது என்கிறார்கள், அதுவும் 18-ஆம் நூற்றாண்டில். 1690-களில் பிரான்சில் அச்சான சமையல் நூலிலேயே அந்தப் பெயர் இருக்கிறது, ஆகவே நம்புவது கஷ்டம். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, மிதமான சூடு. முந்திரி மட்டும் சேர்த்தால் நம்ம தூத்துக்குடி மக்ரூன். கெட்டியான கிரீம் வைத்துத் தருகிறார்கள், அதில் மட்டும் அவர்கள் ஒரு படி மேல்.

இன்டர்லாக்கன் ரயில் கிளம்பியது, வந்த திசையிலேயே. "என்னங்க, திரும்ப லூசர்னுக்கே போகுது!" இறங்க எழுந்தே விட்டோம். எதிரே இருந்த பெரியவர் கையால் உட்காரச் சொன்னார். மைரிங்கனில் தண்டவாளம் முட்டி நிற்கிறது, எல்லா ரயிலும் தலைமாற்றித்தான் போக வேண்டுமாம். ப்ரியன்ஸ் ஏரி தெரிந்த பிறகே மனம் அடங்கியது. அந்த அவசரத்தில் மெரிங்க் பொட்டலத்தின்மேல் யார் உட்கார்ந்தது என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. பொடியை ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டு முடித்தோம்.