அயர்லாந்தில் முனைவர் பட்டம்: ஸ்டேஜ் டிரான்ஸ்ஃபர் முதல் வைவா வரை

திருத்தங்கள் ஏற்கப்பட்டு, ஆய்வேடு பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏறிவிட்ட நிம்மதியில் எழுதுவது இது. விசா, வாடகை வீடு, விண்ணப்பக் கடிதம் பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. இந்தப் பதிவில், சேர்ந்த பிறகு நடப்பது மட்டும். யுசிடி (டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி), டிரினிட்டி, கார்க், கால்வே, மேனூத் எதுவானாலும் எலும்புக்கூடு ஏறத்தாழ ஒன்றுதான்; படிவமும் காலக்கெடுவும் சொல் வரம்பும்தான் மாறும்.

இந்தப் பல்கலைக்கழகங்களின் குணத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். 1997 பல்கலைக்கழகச் சட்டம், மாணவர்களிடம் சுயமாக ஆராய்ந்து சிந்திக்கும் திறனை வளர்ப்பதைப் பல்கலைக்கழகத்தின் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. ஏதோ அலங்கார வரி என்று கடந்துவிடலாம்தான். ஆனால் முனைவர் பட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் சோதிப்பது அதைத்தான். நம்மூரில் வைவாவை, அதாவது வாய்மொழித் தேர்வை, கூட்டுபவரே நெறியாளர்; அரங்கில் யாரும் வந்து உட்காரலாம். அயர்லாந்தில் மூடிய அறை. வெளித் தேர்வாளர் ஒருவர், உள் தேர்வாளர் ஒருவர், மதிப்பிடாத தலைவர் ஒருவர். நெறியாளர் தேர்வாளர் அல்ல. பல இடங்களில் நீங்கள் சம்மதித்தால் அவர் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. காப்பாற்ற ஆள் கிடையாது என்று முதல் நாளே தெரிந்துகொண்டு வேலை செய்வது நல்லது.

அதனால் எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்கிறேன், மற்றவை மறந்தாலும் பரவாயில்லை: ஆய்வில் கைவிட்ட வழிகளுக்கு ஒரு கோப்பு வையுங்கள். தேதி, யோசித்த வழி, ஏன் விட்டோம், யார் சொன்னது, எந்தக் கட்டுரை ஆதாரம் என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வரி போதும். நெறியாளரைச் சந்தித்துவிட்டு வந்த அன்றே எழுத வேண்டும். மறுவாரம் காரணம் மறந்துபோய், "சொன்னார், விட்டேன்" என்பது மட்டும் மிஞ்சும். அந்தப் பதிலைப் போல ஒருவரைக் கவிழ்ப்பது வேறில்லை. மாதிரி அளவு ஏன் இவ்வளவு, அந்த மென்பொருள் ஏன் வேண்டாம், இன்னொரு கோட்பாடு ஏன் பொருந்தாது: வைவாவில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட கேள்விகள்தான். அந்தக் கோப்பு இருந்தால் ஆய்வுமுறை அத்தியாயத்தில் பாதி தானாக எழுதப்பட்டிருக்கும்.

ஸ்டேஜ் டிரான்ஸ்ஃபர் (டிரினிட்டியில் கன்ஃபர்மேஷன்) என்ற இடைக்கால மதிப்பீடு 12 முதல் 18 மாதத்துக்குள் வரும். இதைச் சம்பிரதாயம் என்று சீனியர்கள் சொன்னால் நம்பாதீர்கள். பட்டத்தைத் தொடரலாமா, எம்.ஃபில், எம்.லிட் போன்ற ஆய்வு முதுகலையாக முடிக்கச் சொல்லலாமா என்று குழு முடிவெடுக்கும் இடம் இதுதான். கொடுக்க வேண்டியது: ஓர் அறிக்கை, ஒரு முழு அத்தியாயத்தின் வரைவு, மீதிக் காலத்துக்கு மாதவாரித் திட்டம். பெரும்பாலும் அடிபடுவது திட்டத்தில்தான். நெறிமுறைக் குழு அனுமதிக்கு மாணவர்கள் இரண்டு வாரம் ஒதுக்கியிருப்பார்கள். ஒரு முறை திருப்பி அனுப்பினாலே இரண்டு மாதம் போய்விடும், கோடையில் இன்னும் மெதுவு. அனுமதிக்கு முன் எடுத்த பேட்டியைப் பிறகு ஆய்வேட்டில் சேர்க்க முடியாது. நோயாளிகளின் தரவு என்றால் 2018 சுகாதார ஆராய்ச்சி விதிமுறைகளும் சேர்ந்துகொள்ளும், அவற்றின்படி வெளிப்படையான ஒப்புதல் வேண்டும்.

இன்னொன்று. அங்கே நெறியாளரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், "சார்" வேண்டாம். குரல் மென்மையாக இருக்கும், "இதையும் கொஞ்சம் பார்க்கலாமே" என்பார். அப்படியென்றால் அடுத்த சந்திப்புக்குள் பார்த்துவிட்டு வர வேண்டும்.

பாடங்களுக்கான கிரெடிட் பற்றி அதிகம் கவலை வேண்டாம். டிரினிட்டியில் 10 முதல் 30 வரை, கால்வேயில் குறைந்தது 30. 5 கிரெடிட் பாடம் ஒன்று 100 முதல் 125 மணி நேர வேலை. முதல் இரண்டு ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

பணம். 2024 ஆகஸ்டில் இரண்டு பழைய நிதி அமைப்புகளை இணைத்து ரிசர்ச் அயர்லாந்து உருவானது. ஆய்வு மாணவர்களுக்கான அதன் உதவித்தொகை 2025-இலிருந்து வருடத்துக்கு 25,000 யூரோ. ஆய்வுச் செலவுக்கு 3,250. கட்டணத்துக்கு அதிகபட்சம் 5,750. நம்மைப் போன்ற ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குக் கட்டணம் இதைவிட மிக அதிகம். மிச்சத்தை யார் கட்டுவது? துறை தள்ளுபடி செய்யுமா? சேர்வதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை உதவாது.

கார்க்கின் டிண்டால், கால்வேயின் கூராம் போன்ற மையங்களில் தொழில் நிறுவனங்களுடன் சேர்ந்து நடக்கும் திட்டங்கள் நிறைய. மக்கள் பணமும் நிறுவனப் பணமும் ஒரே மேசையில் இருப்பது இன்றைய ஐரிஷ் ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் இயல்பு. அதில் நல்லதும் உண்டு, சிக்கலும் உண்டு. கட்டுரை அனுப்பும் முன் நிறுவனம் பார்வையிட எத்தனை நாள், ஆய்வேட்டை எவ்வளவு காலம் பூட்டி வைப்பார்கள், தரவு யாருக்குச் சொந்தம் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டுமாவது முதல் மாதமே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

தேர்வாளர் விஷயம்:

- மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் சாத்தியமான வெளித் தேர்வாளர் நாலைந்து பேரைக் குறித்துக்கொள்ளுங்கள்.
- அவர்களுடன் சேர்ந்து கட்டுரை எழுதாதீர்கள். கூட்டு ஆசிரியர் தேர்வாளராக முடியாது. நெறியாளரின் நெருங்கிய கூட்டாளியும் அப்படியே.
- தேர்வாளரை முன்மொழிவது நெறியாளரும் துறையும்தான், நீங்கள் நேரடியாக எழுதக் கூடாது. சமர்ப்பிக்க இரண்டு மூன்று மாதம் முன்பே படிவம் போனதா என்று விசாரியுங்கள். வைவா தள்ளிப்போவதற்கு வழக்கமான காரணம் இந்தப் படிவம்.
- அவர்களுடைய கட்டுரைகளைப் படித்திருக்க வேண்டும். மேற்கோளாக வாரி இறைக்க வேண்டியதில்லை.

சொல் வரம்பு டிரினிட்டியில் 1,00,000. அதைத் தொட்டால்தான் மதிப்பு என்பது மூடநம்பிக்கை. நீளமான ஆய்வேடு நீளமான வைவா.

வைவாவுக்கு அச்சிட்ட பிரதி ஒன்று, அத்தியாயத்துக்கு ஒரு ஒட்டுச்சீட்டு. முதல் கேள்வி பெரும்பாலும் "சுருக்கமாகச் சொல்லுங்கள்"தான். புதிதாக என்ன சேர்த்தீர்கள் என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் யாரும் தோற்கடிப்பதில்லை. தவறு என்று ஒப்புக்கொண்டதையே ஐந்து நிமிடம் கழித்து மறுபடி நியாயப்படுத்தினால்தான் தேர்வாளர்கள் முகம் சுளிப்பார்கள்.

திருத்தம் இல்லாமல் தேறுபவர்கள் அபூர்வம். சிறு திருத்தம் என்றால் உள் தேர்வாளரே பார்த்து ஒப்புவார். நாலு கட்ட அட்டவணை போடுங்கள்: தேர்வாளர் கருத்து, பழைய பக்கம், புதிய பக்கம், செய்தது. ஏற்காத கருத்தானாலும் அதற்கு ஒரு வரி காரணம் வேண்டும், காலியாக விடக் கூடாது.

இதற்கிடையில் ஸ்டாம்ப் 2, அதாவது மாணவராகத் தங்கும் அனுமதி, எப்போது முடிகிறது என்று பாருங்கள். படிப்பு முடிந்த பின் தங்கி வேலை பார்க்கும் அனுமதியான ஸ்டாம்ப் 1ஜி, முனைவர் பட்டத்துக்கு 24 மாதம், 12 மாதமாக இரண்டு தவணை. அதற்குப் பட்டம் உறுதியான கடிதம் வேண்டும். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டாம், திருத்தம் ஏற்கப்பட்ட உடனே பதிவாளர் அலுவலகத்தில் கடிதம் கேளுங்கள்.