ஒரே குழியில் விதையும் பொட்டாஷும்

மக்காச்சோளம் விதைத்து எட்டு நாளாகியும் வயல் சொட்டை சொட்டையாக இருந்தால் முதல் பழி விதைக் கம்பெனி மேல்தான். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் சொட்டை விழுந்த இடத்தில் நாலு குழி தோண்டிப் பாருங்கள். விதையையே காணோம் என்றால் எறும்போ எலியோ. விதை ஊதி, முளைவேர் அரை அங்குலம் வந்து, நுனி பழுப்பேறி நின்றிருந்தால் உப்பு அல்லது உரம். உவர் தட்டிய வயலில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே.

ஒரு கணக்கு. ஏக்கருக்கு 50 கிலோ பொட்டாஷ் (கடையில் கிடைக்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு) அடியுரம். 60க்கு 25 செ.மீ. இடைவெளியில் சுமார் 27,000 குத்து, அதாவது விதை ஊன்றும் குழி. குத்துக்கு 1.85 கிராம் வருகிறது. கொஞ்சம்தானே என்று விதைக் குழியிலேயே போடுகிறார்கள். விதையைச் சுற்றி 200 கிராம் மண், அதில் 40 மில்லி ஈரம் என்று வையுங்கள். அத்தனையும் கரைந்தால் லிட்டருக்கு 46 கிராம் உப்பு. கடல் நீரிலேயே 35 கிராம்தான்! அந்த இடத்தில் விதை தண்ணீர் உறிஞ்ச முடியாது. மண் ஈரமாக இருக்கும்போதே தாகத்தில் சாகும்.

எல்லா உரமும் இப்படிச் சுடாது. சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்து உப்புத்தன்மையை அளந்தால் பொட்டாஷ் 116, யூரியா 75, சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 46, சூப்பர் பாஸ்பேட் வெறும் 8. டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) 30 சொச்சம்தான், ஆனால் அதை நம்பிவிடக் கூடாது. கார மண்ணில் டிஏபியும் யூரியாவும் அம்மோனியாவை விடும். அது இளவேரைக் கருக்கும்.

ஆகவே அடியுரம் விதைக்கு 5 செ.மீ. பக்கவாட்டில், 5 செ.மீ. கீழே. உவர் நிலமானால் பொட்டாஷில் பாதியை 25ஆம் நாளுக்குத் தள்ளலாம். பாரின் (வாய்க்கால்களுக்கு நடுவே உயர்த்திய மண் மேடு) தலையில் விதைக்கவே வேண்டாம்: வாய்க்கால் தண்ணீர் மேலேறி ஆவியாகும்போது உப்பு அங்கேதான் பூக்கும். பாரின் சரிவில், பாதி உயரத்தில் ஊன்றுங்கள்.

மண் பரிசோதனைச் சீட்டில் ஏமாற ஒரு இடம் உண்டு. உப்பை மின்கடத்தும் திறனை வைத்து அளக்கிறார்கள்; மக்காச்சோளம் மீட்டருக்கு 1.7 டெசிசைமன் வரை தாங்கும் என்பது மண்ணைக் கூழாக்கிப் பிழிந்த சாற்றின் அளவு. ஆய்வகங்கள் வழக்கமாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றிப் பார்க்கின்றன. நீர்த்த கரைசலில் 1 என்று வந்தால் அசல் அதைவிடப் பல மடங்கு. மாதிரியையும் 15 செ.மீ. ஆழத்துக்குக் கலந்து எடுத்தால் மேல்தோல் உப்பு மறைந்துபோகும். விதை கிடக்கும் மேல் 5 செ.மீ. மண்ணைத் தனியாக எடுத்துக் கொடுங்கள்.

வெளுத்த நாற்றைக் கண்டதும் யூரியா வீசுவது எரிகிற வீட்டில் எண்ணெய். நல்ல தண்ணீர் இருந்தால் இரண்டு முறை தாராளமாகக் கட்டி, வடியவிடுங்கள். வடிகால் இல்லாத வயலில் இதுவும் பலிக்காது. ஜிப்சம் களர் நிலத்துக்கு (சோடியம் மிகுந்து காரமேறிய மண்) மருந்து; வெறும் உவருக்கு அது இன்னொரு உப்பு. நடுவில் சிறு தூறல் விழுந்தால் பாசனத்தை நிறுத்திவிடாதீர்கள். மேலே பூத்த உப்பை அந்தத் தூறல் கரைத்து நேராக இளவேருக்கு இறக்கும். அன்றைக்கே ஒரு தண்ணீர் விட்டு அதை வேருக்குக் கீழே தள்ளிவிட வேண்டும்.