டாவிட் ட்ரை

ஜூன் 7
தகரத்தில் மழை இரையும்போது ஜெர்மன் எண்களை உரக்கச் சொல்லிப் பழகினேன். ஸ்வை என்ற இரண்டும் ட்ரை என்ற மூன்றும் தனக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன என்கிறாள் தங்கச்சி. எனக்கு அப்படியில்லை.

ஜூன் 8
நான் தடவி ஆடும் சதுரங்கப் பலகையில் வெள்ளைச் சிப்பாய் ஒன்றின் முளை துளையில் ஆடுகிறது. நூல் சுற்றினேன்.

ஜூன் 10
கண்டிக்குப் போகும் வழியில், கினிகத்தேனை வளைவுகளில் வயிறு புரண்டது. நாவலப்பிட்டிக்குப் பிறகுதான் மனத்தில் பலகையை விரிக்க முடிந்தது.

ஜூன் 11, கண்டி
தோற்றேன். எதிரே அமர்ந்தவர் சிங்களவர். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் வணக்கத்தோடு தீர்ந்துவிட, அதன்பின் 4 மணி நேரமும் எங்கள் இருவருக்குமே சொந்தமில்லாத ஜெர்மன் எண்களிலும், ஆனா, பெல்லா, சேஸார் என்ற நெடுவரிசைப் பெயர்களிலுமே பேசிக்கொண்டோம். 22ஆம் நகர்வில் அவர் "டுர்ம் டாவிட் ட்ரை" என்றார்: கோட்டை டாவிட் மூன்றுக்கு. நானும் திருப்பிச் சொல்லி, அவருடைய கோட்டையை என் பலகையில் நகர்த்தினேன். 6 நகர்வுகள் கழித்து "டுர்ம் குஸ்தாவ் ட்ரை" என்றார். தடவிப் பார்த்தேன்; கோட்டை இரண்டாம் வரிசையில் இருந்தது. அங்கிருந்து குஸ்தாவ் மூன்றுக்கு எப்படிப் போகும்? சற்றுக் கர்வத்தோடுதான் நடுவரை அழைத்தேன். அவருடைய பதிவில் மூன்று என்றிருந்தது. பிறகு என் பிரெய்ல் தாளை என்னையே வாசிக்கச் சொன்னார்கள். இரண்டுக்குப் புள்ளிகள் மேலும் கீழுமாக இருக்கும், மூன்றுக்குப் பக்கம் பக்கமாக. என் விரலுக்கடியில் அவை பக்கம் பக்கமாகவே இருந்தன. பதிவுகள் இரண்டும் ஒத்துப்போனதால் திருத்தப்பட்டது என் பலகைதான். அந்தக் கோட்டைக்கு வழி கிடையாது என்று நம்பி, என் ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை ஏற்கெனவே தள்ளிவிட்டிருந்தேன்.

ஜூன் 12
காது சரி, நாக்கு சரி, எழுத்தாணியும் சரி.

ஜூன் 13
டாவிட் இரண்டு கறுப்புக் கட்டம், ஆகவே மேடு; டாவிட் மூன்று வெள்ளை, தாழ்வு. பதினொரு வயதிலிருந்து தடவிவரும் பலகையில் அந்த மேடு விரலுக்கு எப்படித் தட்டுப்படாமல் போயிற்று? "விடு தம்பி, விளையாட்டுத்தானே" என்று அம்மா தேத்தண்ணீரை நீட்டினார். கோப்பையின் காதைப் பிடிக்கும்போதும் விரலைச் சந்தேகித்தேன்.

ஜூன் 14
பலகையைத் தொடவில்லை.

ஜூன் 15
தொட்டேன். கண்டியில் நின்ற அந்த நிலையை அடுக்கி, கோட்டையை நாற்பது முறையாவது டாவிட் மூன்றில் குத்தினேன். ஒருமுறைகூடத் தவறவில்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 17
அவரே தொலைபேசியில் அழைத்தார். இன்னோர் ஆட்டம், எனக்கு வெள்ளை. மழை இரைச்சலுக்குள் "டாவிட் ஃபியர்", அதாவது டாவிட் நான்கு, என்றேன். அவர் திருப்பிச் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. வாசல் இஸ்தோப்புக்கு வந்து நிற்கிறேன்.