கசட்டைப் பார்த்துப் பம்பு எடுப்பது

கோவையில் வளர்ந்தவர்களுக்குப் பம்பு என்பது வீட்டுச் சாமானைப் போலப் பழகிய பொருள். எங்கள் தெருவிலேயே இரண்டு லேத் பட்டறைகள் இருந்தன. பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் வார்ப்பைக் கையில் தூக்கிப் பார்த்து, எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர்களுக்கு நடுவில்தான் படித்து முடித்தேன். ஆகவே ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இயந்திரப் பிரிவுப் பொறியாளராகச் சேர்ந்தபோது, பம்பைப் பற்றி இனிக் கற்றுக்கொள்ள அதிகமில்லை என்றே நம்பினேன். எனக்குத் தெரிந்திருந்தது தண்ணீர்ப் பம்பு மட்டுமே என்பதை முதல் மழைக்காலத்தில் புரிந்துகொண்டேன்.

கழிவுநீரிலிருந்து பிரிந்து சேரும் சேறு போன்ற பொருளைக் கசடு என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் ஒரே நிலையத்துக்குள் அது பல உருவங்களில் ஓடுகிறது. நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னக் காற்றைச் செலுத்தும் காற்றூட்டத் தொட்டிக்குத் திரும்பிச் செல்லும் கசட்டில் திடப்பொருள் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அது ஏறத்தாழத் தண்ணீரைப் போலவே நடந்துகொள்ளும். முதல்நிலைத் தெளிவுத் தொட்டியின் அடியில் சேர்வது 3 முதல் 6 சதவீதம் வரை போகும். கெட்டியாக்கும் தொட்டியைத் தாண்டியதும் கைக்கு இட்லி மாவைப் போலத் தட்டுப்படும். 2 சதவீதக் கசடு 4 சதவீதமாகக் கெட்டியானால் அதன் கன அளவு பாதியாகிவிடும், கசட்டை நுண்ணுயிர்கள் சிதைக்கும் செரிப்புத் தொட்டிக்கு அது நல்லது. ஆனால் குழாய்க்குள் அது காட்டும் எதிர்ப்பு இரு மடங்கோடு நிற்பதில்லை. மேலும், தண்ணீரைப் போல் சிறிய அழுத்தத்துக்கெல்லாம் அது நகராது. ஓர் அளவு வரை தள்ளினாலும் அசையாமல் நின்று, அதைத் தாண்டிய பிறகே நகரத் தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது இளகியிருக்கும், ஓட்டம் நின்றுவிட்டால் மறுபடி இறுகும்.

இந்தக் கடைசி இரண்டு குணங்களும் பாடப்புத்தகத்தில் இருந்தவைதாம். அவற்றின் பொருள் விளங்கியது ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில். முந்தைய நாள் முழுவதும் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் உள்வரும் கழிவுநீரை ஏற்றும் பம்புகளுக்கே போதுமானதாக இருந்ததால், தெளிவுத் தொட்டியிலிருந்து கசட்டை எடுக்கும் பம்பை நிறுத்தி வைத்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஓட்டினால் மோட்டார் சீராகச் சுழன்றது, சத்தத்தில் குறை இல்லை, ஆம்பியர் மீட்டர் மட்டும் வழக்கத்தைவிட வெகுவாகக் கீழே நின்றது. எங்கள் மூத்த ஃபிட்டர், பம்பிலிருந்து கசடு வெளியேறும் டெலிவரிக் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "ஓடுது சார், ஆனா தள்ளல" என்றார்.

பம்பைத் திறந்தபோது இம்பெல்லரின் கண்ணில், அதாவது நீர் நுழையும் நடுத்துளையில், ஒரு முழ நீளத்துக்கு ஒரு கயிறு சுற்றியிருந்தது. யாரும் திரித்த கயிறு அல்ல. தலைமுடியும் துணி நூலும் கிழிந்த பாக்குப் பொட்டலங்களும் சேர்ந்து, சுழற்சியிலேயே முறுக்கேறிக் கயிறாகியிருந்தன. கத்தியால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. அதை எடுத்த பிறகும் பம்பு தள்ளவில்லை. இரண்டு வளைவுகளோடு 100 மி.மீ. குழாயாகப் போட்டிருந்த சக்ஷன் பாதையில், அதாவது பம்பு உறிஞ்சும் பக்கத்தில், ஒரு நாள் முழுவதும் தங்கிய கசடு இறுகிப்போயிருந்தது. அதைத் தண்ணீர் அடித்து இளக்க மதியம் ஆகிவிட்டது.

அந்தப் பம்பின் கோப்பை அன்று மாலை எடுத்துப் படித்தேன். தேர்வில் தவறு என்று எவரும் சொல்ல முடியாது: நீரோட்டமும், எவ்வளவு உயரத்துக்குத் தள்ள வேண்டும் என்பதைச் சொல்லும் ஹெட்டும் சரியாகக் கணக்கிடப்பட்டு, 70 சதவீதத்துக்கு மேல் திறன் தரும் புள்ளியில் பம்பு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. ஆனால் ஓட்டத்துக்கு ஏற்ப ஹெட்டும் திறனும் எப்படி மாறும் என்று காட்டும் அந்தப் பம்பின் வளைகோடு முழுவதும் சுத்தமான தண்ணீரில் சோதித்துப் போட்டது. குழாய் உராய்வும் தண்ணீருக்கே கணக்கிடப்பட்டிருந்தது. கெட்டியான கசட்டுக்கு அதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு வைத்துப் பார்த்திருக்க வேண்டும். திறன் கூடுதலாக வேண்டும் என்றால் இம்பெல்லருக்கும் உறைக்கும் இடையே இடைவெளி குறுகும், குறுகினால் முடியும் துணியும் மாட்டும். இம்பெல்லர் பின்னுக்கு ஒதுங்கி நின்று நீரில் சுழலை மட்டும் உண்டாக்கும் வோர்ட்டெக்ஸ் வகைப் பம்பின் திறன் 50 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மின் கட்டணத்தை மட்டும் பார்ப்பவர் அதை ஒதுக்கிவிடுவார். மாதம் எத்தனை முறை பம்பைத் திறக்கிறோம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகு, திரும்பும் கசட்டுக்கு நான் அதையே கேட்டு வாங்குகிறேன்.

கெட்டிக் கசட்டுக்கு நாங்கள் ஸ்க்ரூ பம்புக்கு மாறினோம். 1930-களின் தொடக்கத்தில் ரெனே மொய்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கண்டுபிடித்த அமைப்பு இது. விமானத் துறையிலிருந்து வந்தவர் அவர். முறுக்கிய எஃகுத் தண்டான ரோட்டார் ஒன்று, அசையாத ரப்பர் உறையான ஸ்டேட்டருக்குள் சுழலும்போது இரண்டுக்கும் இடையே மூடிய அறைகள் உருவாகி, கசட்டை அறை அறையாக முன்னே நகர்த்திச் செல்கின்றன. வேகம் எவ்வளவோ அவ்வளவு ஓட்டம். எதிர்ப்பு கூடினாலும் அளவு பெரிதாகக் குறையாது. கசட்டைச் சுழற்றி நீரைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்குச் சீரான அளவில் கசட்டை அனுப்ப இதைவிட ஏற்ற பம்பை நான் பார்த்ததில்லை.

ஆனால் அதற்கும் அதன் நியாயங்கள் உண்டு. டெலிவரி வால்வை மூடி வைத்து ஓட்டினால் அது தள்ளிக்கொண்டே இருந்து எங்காவது உடைக்கும். ஆகவே அழுத்தம் மிஞ்சினால் நிறுத்தும் சுவிட்ச் கட்டாயம். அதைவிட முக்கியம், காய்ந்து ஓடக் கூடாது. ரப்பரைக் குளிரவைப்பதும் வழுக்கவைப்பதும் உள்ளே ஓடும் கசடுதான். எங்கள் முதல் ஸ்க்ரூ பம்பு வந்தபோது, ஸ்டேட்டரின் வெப்பத்தை உணர்ந்து பம்பை நிறுத்தும் சென்சாரை விலைப்பேச்சில் எடுத்துவிட்டிருந்தார்கள். ஓர் இரவு கெட்டியாக்கும் தொட்டி காலியானது தெரியாமல் பம்பு ஓடியிருக்கிறது. நான் உள்ளே நுழைந்தபோது பம்பு அறை முழுவதும் டயர் எரிந்த வாடை. கழற்றிய ஸ்டேட்டரின் உள்பக்கம் கருகி, விரலால் தொட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தது. மிச்சப்படுத்திய சென்சார் விலையைப் போலப் பல மடங்கு புது ஸ்டேட்டருக்குப் போனது. அது வந்து சேரும்வரை கசடு தொட்டியிலேயே தங்கிப் புளித்து மேலே மிதந்தது.

அடுத்தது மணல். மணல் பிரிக்கும் தொட்டி சரியாக வேலை செய்யாத நிலையத்தில் எந்த ஸ்க்ரூ பம்பும் நீடிக்காது என்பதே என் அனுபவம். பம்பைக் குறை சொல்வதற்கு முன் அந்தத் தொட்டியைப் போய்ப் பார்க்க வேண்டும். அதன் பிறகு வேகம். சுழற்சி கூடக் கூடத் தேய்மானம் அதைவிட வேகமாகக் கூடும். ஒரே ஓட்டத்தைச் சிறிய பம்பு விரைவாகச் சுழன்றும் தரலாம், பெரிய பம்பு மெதுவாகச் சுழன்றும் தரலாம். டெண்டரில் குறைந்த விலை என்றும் சிறிய பம்புக்கே வரும். இதில் நான் பல ஆண்டுகள் தோற்றிருக்கிறேன். பிறகு வழி ஒன்று கண்டேன்: ஓட்டத்தையும் அழுத்தத்தையும் எழுதும் அதே பத்தியில், நிமிடத்துக்கு 200 சுற்றுக்கு மேல் கூடாது என்பதையும் நிபந்தனையாக எழுதிவிடுகிறேன். ஸ்டேட்டர் இரண்டும் ரோட்டார் ஒன்றும் பம்போடு சேர்ந்தே வர வேண்டும் என்பதும் அதே பத்தியில் உண்டு.

இத்தனை கவலையும் இயந்திரத்துக்காக மட்டும் அல்ல. பம்பு அடைத்துக்கொண்டால் அதைத் திறக்கப் போவது ஒரு மனிதன். தேங்கிய கசட்டைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரும். அழுகிய முட்டை வாடை வந்தால் விலகிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கு அந்த வாடையையே உணராமல் போய்விடும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கழிவுநீர்க் குழிகளில் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதையும் தடுக்கிறது. ஆனால் அடிக்கடி அடைக்கும் பம்பைத் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, யாரும் இறங்கக் கூடாது என்று பலகை மாட்டினால், நடு இரவில் ஷிஃப்டில் தனியாக இருப்பவர் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே இப்போது கசட்டுப் பம்புகளைத் தொட்டிக்கு வெளியே, தரைமட்டத்துக்கு நிகரான உலர்ந்த அறையில், கசடு தானாகவே வந்து நிறையும்படி வைக்கிறோம். சக்ஷன் குழாய் 150 மி.மீ.க்குக் குறைவதில்லை, தண்ணீர் அடித்து இளக்க அதில் தனி இணைப்பும் உண்டு.

புதிய பம்பு அறையின் வரைபடம் வந்தபோது எங்கள் ஃபிட்டரையும் உட்காரவைத்துப் பார்த்தேன். அவர் பம்பைப் பார்க்கவில்லை, அதற்கு எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். ஸ்டேட்டரை நீளவாக்கில்தான் உருவ முடியும். பழைய அறையில் சுவர் குறுக்கே நின்றதால் ஒவ்வொரு முறையும் பம்பு முழுவதையும் அடித்தளத்திலிருந்து கழற்றினோம், ஒரு நாள் போகும். "இந்தச் சுவரைத் தள்ளி வெச்சா மதியத்துக்குள்ள முடிச்சிருவேன் சார்" என்றார். சுவரை ஒன்றரை மீட்டர் தள்ளிக் கட்டச் சொன்னோம். அந்த இடத்தில் யாரும் எதையும் அடுக்கிவிடாதிருக்கத் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம்.