கோழி எரு மூட்டையும் ரமோன் காஸ்தியாவும்

குழித்துறைக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்தில் மட்டி வாழைக்குக் கோழி எரு இடுவதற்காக மூட்டையைப் பிரிக்கும்போது கண்ணைக் கரிக்கும் அந்த நெடி, சில காலமாக எனக்குப் பெரு நாட்டின் குடியரசுத் தலைவர் ரமோன் காஸ்தியாவை நினைவூட்டுகிறது. அவருடைய கஜானாவை நிரப்பியதும் பறவை எச்சமே. மழை காணாத சிஞ்சா தீவுகளில் மலையாகக் குவிந்து கிடந்த குவானோ உரத்தை வெட்டி ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றிய வருமானத்தில்தான் அவருடைய அரசு நடந்தது.

1797-இல் தாராபக்காவில் பிறந்த காஸ்தியா, முதலில் ஸ்பானிய மன்னரின் படையில் இருந்து, பின்னர் அணி மாறி, 1824-இல் அயகூச்சோ போரில் அதே ஸ்பானியருக்கு எதிராக நின்று காயமடைந்தவர். 1845 முதல் 1851 வரை முதல் முறை ஆண்டார்.

அடுத்து வந்த எச்செனிக்கேயின் ஆட்சியில் உள்நாட்டுக் கடன் பத்திரங்களில் நடந்த முறைகேடு நாறியபோது, 1854-இல் காஸ்தியா கிளர்ச்சியில் இறங்கினார். ஜூலையில் பூர்வகுடிகள் செலுத்திவந்த தலைவரியை நீக்கினார். தம் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று எச்செனிக்கே அறிவிக்கவே, டிசம்பர் 3 அன்று, எதிரிக்காக ஆயுதம் ஏந்துவோர் தவிர அடிமைகள் அனைவருக்கும் விடுதலை என்று காஸ்தியா ஆணையிட்டார். போர்த் தந்திரம் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வென்று மீண்டும் ஆட்சிக்கு வந்த பிறகும் அவர் சொல் மாறவில்லை, சுமார் 25,000 பேர் விடுதலை பெற்றனர். ஆனால் தலைக்கு 300 பெசோ என்ற இழப்பீடு உடைமையாளர்களுக்கே போயிற்று. அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

அடுத்த ஆண்டே, 1855-இல், எங்கள் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவும் அடிமை ஒழிப்புப் பிரகடனம் வெளியிட்டார். இங்கே நெருக்கியவர்கள் மிஷனரிகளும் சென்னை ஆங்கிலேய அரசும். அங்கே நெருக்கியது உள்நாட்டுப் போர்.

சிஞ்சா தீவுகளில் குவானோ உரத்தை வெட்டியவர்களில் பலர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த சீனர்கள். அவர்களை இறக்குமதி செய்வதை 1856-இல் காஸ்தியாவின் அரசு தடுத்தும், 1861-இல் அது மீண்டும் தொடங்கிவிட்டது. விடுதலை ஆணைக்குப் பக்கத்திலேயே இதையும் வைத்துத்தான் நான் அவரைப் படிக்கிறேன்.

1862-இல் பதவியிலிருந்து இறங்கிய பிறகும் அவர் ஓயவில்லை. 1867-இல், எழுபதை நெருங்கிய வயதில், இன்னொரு கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கித் தாராபக்காப் பாலைவனத்தில் போய்க்கொண்டிருந்தபோது திலிவிச்சே என்னுமிடத்தில் இறந்தார். 1879-இல் மூண்ட போருக்குப் பின், அதுவரை பெருவிடம் இருந்த தாராபக்கா முழுவதும் சிலி நாட்டின் வசமாயிற்று; 1956-இல் எல்லை மாறியதைக் கண்ட எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால், அவர்களுக்கு வியப்பே இராது.