கடைசி வரியில் வரும் கட்டணம்

மண்ணடியில் டிராவல்ஸ் என்றால் உம்ரா, வளைகுடா டிக்கெட், கோலாலம்பூருக்கும் கொழும்புக்கும் போய்வரும் வியாபாரிகள், அவ்வளவுதான் என்று நினைப்பார்கள். லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் இருக்கும் எங்கள் ஆபீஸும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கடலுக்கு அடியில் போகிற பார்ட்டிகள் என்று ஒரு சின்னக் கூட்டம் உண்டு. அவர்கள் என் மேஜைக்கு வருவார்கள். ராஜாஜி சாலையில் அந்தமான் கப்பல் டிக்கெட்டுக்கு அலைந்து சலித்தவர்கள் எங்களிடம் வந்து விமானத்துக்கு மாறிக்கொள்வதில் ஆரம்பித்தது இது. அந்தமான் டிக்கெட்டிலிருந்து அங்கே ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா (காற்று டேங்க் கட்டிக்கொண்டு மூழ்கும் டைவ்), அங்கிருந்து மாலத்தீவு, பாலி, தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் என்று நீண்டுவிட்டது. துறைமுகத்தை ஒட்டிய ஷிப்பிங் கம்பெனிக்காரர்கள், பெரம்பூர், ராயபுரம் பக்கத்து ஐடி பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள். நான் டேங்க் கட்டிக்கொண்டு இறங்கியதில்லை. காசிமேட்டில் வளர்ந்தவளுக்குக் கடலின் மேல்பக்கமே போதும்.

இந்த வேலையில் கடல் பூங்காக் கட்டணம், அதாவது பாதுகாக்கப்பட்ட கடல் பகுதிக்குள் போக வாங்கும் கட்டணம், கொட்டேஷனின் கடைசி வரி. விமானம், தங்கும் இடம், படகு, டைவ் எல்லாம் போட்டபிறகு அடியில் ஒட்டிக்கொள்ளும் சின்னத் தொகை. அந்தச் சின்னத் தொகை ஏறும்போது ஆபீஸில் எழும் சத்தம் விமானக் கட்டணம் ஏறும்போது எழுவதில்லை. விமானம் இரண்டாயிரம் ஏறினால், "சீசன் சார்" என்று சொன்னால் முடிந்தது. பூங்காவுக்கு ஐந்நூறு ஏறினால், "கடலைப் பார்க்கவா காசு?" என்று கேட்பார்கள்.

இதில் எனக்குப் பாடமாக அமைந்தது 2022-இல் இந்தோனேசியாவின் கொமோடோ தேசியப் பூங்கா விவகாரம். அங்கே கடலுக்கு அடியில் நீரோட்டமும் கொம்புத் திருக்கைகளும் பேர்போனவை. லபுவான் பாஜோ என்ற ஊரிலிருந்து படகில் போவார்கள். அந்த ஜூலையில், ஆகஸ்ட் 1 முதல் கொமோடோ, பாடார் ஆகிய இரண்டு தீவுகளுக்கும் நபருக்கு 37.5 லட்சம் ரூபியா என்று அறிவித்தார்கள். நம் பணத்தில் ஏறக்குறைய 20,000 ரூபாய். ஓராண்டு உறுப்பினர் கட்டணம் என்று அதற்குப் பெயர். நான்கு நாள் போகிறவனுக்கு ஓராண்டு எதற்கு? அதுவரை வெளிநாட்டாருக்கு நுழைவு 1,50,000 ரூபியாதான், விடுமுறை நாளில் 2,25,000. ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேருக்குமேல் விடப்போவதில்லை, பாதுகாப்புக்குப் பணம் வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். காரணத்தில் தப்பில்லை. ஆனால் அந்த ஆகஸ்ட் கடைசிக்கு எங்களிடம் ஒரு ஷிப்பிங் கம்பெனிக் குழு அட்வான்ஸ் கட்டியிருந்தது.

பாலியில் இருந்த ஏஜெண்ட், கூடுதல் தொகை இடத்தில் கட்ட வேண்டியது என்று ஒரே வரியில் மெசேஜ் போட்டுவிட்டார். குழுவின் தலைவர், "எல்லாம் சேர்த்துத்தானே மேடம் ரேட் கொடுத்தீங்க" என்றார். எங்கள் முதலாளி பாய் என்னைப் பார்த்தார். அடுத்து லபுவான் பாஜோவில் சுற்றுலாத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தது. படகு ஓடுமா என்றே தெரியாத நிலை. எங்கள் பார்ட்டி பாலியில் துலாம்பென் பக்கம் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பலைப் பார்த்தால் போதும் என்று மாற்றிக்கொண்டது. பிறகு கட்டண உயர்வை 2023 ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள். டிசம்பரில் அதையும் ரத்து செய்துவிட்டார்கள்.

ஆக, அந்த 20,000 ரூபாய்த் திட்டம் நிலைக்கவே இல்லை. ஆனால் அடுத்த வருஷம் முழுக்க என் மேஜைக்கு வந்தவர்கள், "கொமோடோவா, அங்கே இருபதாயிரம் கேட்கிறார்களாமே" என்றார்கள். ஏற்றம் போய்ச் சேர்ந்த காதுகளுக்கு ரத்து போய்ச் சேரவில்லை. நான் ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். சிலர் நம்பினார்கள். பலர், "எதுக்கு வம்பு, மாலத்தீவே போட்டுடுங்க" என்றார்கள். அந்த ஊர்ப் படகுக்காரர்கள் ஏன் தெருவில் இறங்கினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

இதற்கு நேர்மாறாகக் கரீபியக் கடலில் பொனேர் என்ற சின்னத் தீவு இருக்கிறது. மண்ணடியிலிருந்து யாரும் அங்கே போனதில்லை, போகப்போவதும் இல்லை. ஆனாலும் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1979-இல் கடல் பூங்கா ஆனது. 1992-இல்தான் டைவர்களிடம் வருஷத்துக்கு 10 டாலர் வாங்க ஆரம்பித்தார்கள். கட்டியவர்களுக்கு உடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் வில்லை. முன்னதாகவே டைவர்களிடம், இவ்வளவு கொடுப்பீர்களா என்று கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோர் சரி என்றார்கள், 10-க்கு மேலும் தரத் தயாராக இருந்தவர்கள் நிறைய. 2005-இல் 25 டாலர், 2019-இல் 45. தீவு இன்றும் டைவர்களின் ஊர்தான். நங்கூரம் போட்டுப் பவளப்பாறையை உடைக்காமல் படகைக் கட்ட மிதவைகள் இருக்கின்றன. பணம் போகும் இடம் இறங்குகிறவன் கண்ணுக்குத் தெரிகிறது. பசிபிக் கடலில் ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகளில் 1998-இலிருந்து 100 டாலராக இருந்த கட்டணம் 2024 ஆகஸ்டில் 200 ஆனது. இரட்டிப்புதான், ஆனால் பல மாதம் முன்பே சொல்லிவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பல மாதம்தான் எல்லாம். டைவ் பேக்கேஜை அரை வருஷம் முன்னால் விற்கிறோம். மூன்று வாரம் முன்னால் சொன்னால் அந்த வித்தியாசம் பூங்காவுக்கும் பயணிக்கும் நடுவில் நிற்கிற ஏஜெண்டின் மார்ஜினிலோ, படகுக்காரனின் கையிலோதான் விழும்.

மாலத்தீவுக் கணக்கு வேறு. 2025 ஜனவரி 1 முதல் பசுமை வரி ரிசார்ட்டிலும் டைவ் படகுகளிலும் நபருக்கு நாளொன்றுக்கு 6 டாலரிலிருந்து 12 ஆனது. சின்ன கெஸ்ட்ஹவுஸில் 3 இருந்தது 6. அதற்கு ஒரு மாதம் முன்னால் விமானம் ஏறித் திரும்பும்போது கட்டும் வரியும் சாதாரண வகுப்புக்கு 30-இலிருந்து 50 டாலர். இவை பூங்காக் கட்டணம் என்ற பெயரில் வருபவை அல்ல, ஆனால் பார்ட்டிக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரு ஜோடி ஆறு நாள் டைவ் படகில் இருந்தால் பசுமை வரி மட்டும் 72 டாலருக்குப் பதில் 144. இதற்காகப் பயணத்தையே விட்டவர்களை நான் பார்க்கவில்லை. பாயும், "யாரும் நிக்கலையேம்மா, அப்புறம் என்ன?" என்றார்.

அங்கே டைவர்கள் தங்கிப் போகும் சஃபாரி படகில் வேலை பார்க்கும் எங்கள் தெருப் பையன் லீவுக்கு வந்தபோது வேறு மாதிரி சொன்னான். "வர்றவங்க வர்றாங்க அக்கா. டிப்ஸ்தான் கம்மியாயிடுச்சு. நைட் டைவ் வேணாம்னு சொல்றாங்க, கேமரா வாடகைக்கு எடுக்கமாட்டேங்கறாங்க." சென்னையில் கிளம்பும்போதே தலைக்கு இவ்வளவு என்று முடிவு செய்துகொண்டு வருகிறவர்களிடம் வரி முதலில் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில்தான் அவன் சம்பாதிக்க வேண்டும். வந்தவர்களின் தலையை எண்ணினால் இந்தக் குறைவு தெரியாது. கட்டணம் கூடியும் சுற்றுலா குறையவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் பையனின் கேமரா வாடகைதான் ஞாபகம் வருகிறது.

இன்னொரு வேடிக்கை. சிமிலனில் தாய்லாந்துக்காரருக்கு 100 பாட், வெளிநாட்டாருக்கு 500, டைவருக்கு நாளொன்றுக்கு 200 தனி. இதைச் சொன்னால் நம் ஆட்களுக்குக் கோபம் வந்துவிடும். "இது என்ன நியாயம், ஆளைப் பார்த்து ரேட்டா?" மாமல்லபுரத்தில் நமக்கு 40 ரூபாய், வெள்ளைக்காரருக்கு 600 என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அந்த வரிசையில் நிற்கும்போது யாருக்கும் நியாயம் ஞாபகம் வருவதில்லை. என்னைக் கேட்டால் இரண்டு ரேட் இருப்பதே சரி. ஊர்க்காரன் தன் கடலைப் பார்க்க வெளிநாட்டான் அளவு கொடுக்க முடியாது. கொமோடோவில் உள்ளூராருக்கும் அதே 37.5 லட்சம் என்று போட்டதுதான் கோபத்தை இன்னும் கிளறியது.

அந்தமானில் வண்டூர் பூங்காவுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் இவ்வளவு பேசுவதில்லை. ஜாலி பாய் தீவு பாதி வருஷம் திறந்திருக்கும், மீதி நாளில் ரெட் ஸ்கின். பிளாஸ்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள். பர்மிட் வாங்கும்போது முணுமுணுத்தவர்களே திரும்பி வந்து, "ஒரு பிஸ்கட் கவர்கூடக் கிடக்கலை மேடம்" என்பார்கள். எண்ணூர்ப் பக்கம் கழிமுகத்தைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம்.

இப்போதெல்லாம் கொட்டேஷனில் பூங்காக் கட்டணத்தைக் கடைசியில் வைப்பதில்லை, பேக்கேஜில் சேர்ப்பதும் இல்லை. இரண்டாவது வரியில் தனியாக, இன்றைய தேதியோடு போடுகிறேன். ஏறினால் வித்தியாசம் உங்களுடையது, இறங்கினால் திருப்பித் தருவோம் என்று கீழேயே எழுதிவிடுகிறேன். பாய்க்கு முதலில் பிடிக்கவில்லை. மொத்த ரேட் பெரிதாகத் தெரிகிறது, பக்கத்துக் கடை கம்மியாகக் காட்டி ஆளை இழுத்துவிடும் என்றார். கொஞ்சம் பேர் போகத்தான் செய்தார்கள். போன வாரம் வந்த ஒருவர் அந்த வரியைத் தொட்டுக் காட்டி, "இதைக் குறைக்க முடியாதா?" என்றார். "இது பூங்காவுக்குப் போறது சார். எங்க கமிஷனைக் கேளுங்க" என்றேன். உள்ளே இருந்து பாய் இருமினார். அவர் உண்மையாகவே கமிஷனைக் கேட்டார். ஐந்நூறு குறைத்துக் கொடுத்தோம்.