கண்குழி முறிவில் கண் உள்வாங்குமா? தீசிஸ் எடுப்பவர்களுக்கும் வைவாவுக்குப் படிப்பவர்களுக்கும்

எம்.டி. ரேடியாலஜியில் என் தீசிஸ் இந்தத் தலைப்பில்தான். கண்குழி எலும்பு உடைந்தவருக்குப் பின்னாளில் கண் உள்ளே போகுமா என்பதை முதல் சி.டி. ஸ்கேனை வைத்தே கணிக்க முடியுமா என்பது கேள்வி. இதே பக்கம் தலைப்பு தேடும் ஜூனியர்கள் அடிக்கடி கேட்பதால், விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்தக் கணிப்பு எதற்கு? பைக்கில் விழுந்தோ கிரிக்கெட் பந்து பட்டோ வருபவருக்குக் கண்ணைச் சுற்றி வீக்கமும் ரத்தக்கட்டும் இருக்கும். குழி பெரிதாகியிருந்தாலும் அந்த வீக்கமே கண்ணை முன்னால் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். சில வாரங்களில் வீக்கம் வடிந்த பிறகுதான் கண் உள்வாங்குவது வெளியே தெரியும். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் எதிரில் நிற்பவருக்கே புலப்படும். அதற்குள் உள்ளே தழும்பு இறுகிவிட்டால் அறுவை சிகிச்சை கடினமாகிறது. நோயாளியைப் பார்த்துச் சொல்ல முடியாததை ஸ்கேனைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நேரம் அந்த முதல் இரண்டு வாரம்.

பெரியவர்களுக்குக் கண்குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லி, கண் பந்து சுமார் 7 மில்லி. மீதி இடத்தில் கொழுப்பு, தசை, நரம்பு. குழியின் அடிப்பக்க எலும்பான தரையோ மூக்குப் பக்கச் சுவரோ உடைந்து கொள்ளளவு 1 மில்லி கூடினால், கண் ஏறக்குறைய 0.8 முதல் 0.9 மில்லிமீட்டர் உள்ளே போகும் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இந்த எண்ணை மனப்பாடம் செய்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எங்கே பெரிதானது என்பதும் அதே அளவு முக்கியம். கண் பந்தை முன்பாதி, பின்பாதி என்று பிரிக்கும் நடுக்கோட்டுக்குப் பின்னால் இடம் கூடினால் கண் பின்னோக்கிப் போகும். தரையின் முன்பகுதி மட்டும் இறங்கினால் கண் கீழே இறங்கலாம், உள்வாங்காமலும் இருக்கலாம். தரையும் மூக்குப் பக்கச் சுவரும் சேரும் மூலையில் ஓர் எலும்புத் தாங்கல் உண்டு. இரண்டு சுவரும் உடைந்து அந்தத் தாங்கலும் போயிருந்தால் ரிப்போர்ட்டில் தனி வரியாக எழுதுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம், கண் பந்துக்குக் கீழே தரையை ஒட்டி ஓடும் இன்ஃபீரியர் ரெக்டஸ் தசையின் வடிவம். கொரோனல் படத்தில், அதாவது முகத்தை நேர் எதிரிலிருந்து பார்ப்பது போன்ற வெட்டில், சாதாரணமாக அது தட்டையான நீள்வட்டமாக இருக்கும். அதைத் தாங்கும் சவ்வுகள் கிழிந்துவிட்டால் தசை உருண்டுவிடும். உயரம் அகலத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால், பின்னாளில் கண் உள்வாங்கும் வாய்ப்பு அதிகம். ஓட்டை சிறிதாகத் தெரிந்தாலும் இது எச்சரிக்கை. மென்பொருள் எதுவும் தேவையில்லை. நைட் டூட்டியில் அரை நிமிடத்தில் அளந்துவிடலாம். தலைவலிக்கு எடுத்த ஸ்கேனாக இருந்தாலும் இந்தத் தசையை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடுங்கள். இயல்பானது பழகினால்தான் உருண்டது கண்ணில் படும்.

கொள்ளளவை அளக்க 3டி ஸ்லைசர், ஐ.டி.கே. ஸ்னாப் போன்ற இலவச மென்பொருள்களே போதும். 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய ஸ்லைஸ் வேண்டும். ஸ்கேனில் தலை சாய்ந்திருந்தால், இரண்டு குழியையும் நேராக்கிய பிறகே ஒப்பிடுங்கள். குழியின் முன் எல்லையை எங்கே வரைவது என்பதை முதல் நாளே முடிவுசெய்து எழுதி வைத்து, கடைசி கேஸ் வரை மாற்றாதீர்கள். குழியை ஒட்டியுள்ள காற்றறையான சைனஸுக்குள் இறங்கிய திசுவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கொழுப்பு மைனஸ் 100 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சி.டி.யில் அடர்த்தியின் அலகு) அளவில் கறுப்பாகத் தெரிவதால் சிக்கல் இல்லை. சைனஸில் தேங்கிய ரத்தமும் இறங்கிய தசையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். அங்கேதான் நேரம் போகும். தசையை அது கிளம்பும் இடத்திலிருந்து ஸ்லைஸ் ஸ்லைஸாகத் தொடர்ந்து வாருங்கள். இன்னொருவரையும் தனியாக அளக்கச் சொல்லி, இருவர் அளவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டுங்கள்.

தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன் கைடோடு உட்கார்ந்து பேச வேண்டியது ஒன்று உண்டு. பெரிய முறிவு உள்ளவர்களுக்குச் சீக்கிரமே அறுவை சிகிச்சை ஆகிவிடும். சும்மா விட்டால் கண் எவ்வளவு உள்வாங்கியிருக்கும் என்பது அவர்களிடம் தெரிய வாய்ப்பே இல்லை. உங்களிடம் மிஞ்சுவது சிறிய, நடுத்தர முறிவுகள்தான். அவற்றில் கொள்ளளவையும் உள்வாங்கலையும் இணைத்து வரைந்த கோட்டைப் பெரிய முறிவு வரை நீட்டி முடிவு சொல்வது நியாயமில்லை. இந்த வரம்பை தீசிஸில் நீங்களே எழுதிவிடுங்கள். வலி போனதும் பலர் திரும்பி வரமாட்டார்கள் என்பதால், ஃபாலோ அப்புக்கான போன் எண்ணை வீட்டில் இன்னொருவரிடமும் வாங்கி வைப்பது நல்லது. கண் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதைக் கண் மருத்துவர் ஹெர்ட்டல் கருவியில் அளப்பார். அது குழியின் வெளி விளிம்பில் ஊன்றி அளப்பது. கன்ன எலும்பும் சேர்ந்து உடைந்து அந்த விளிம்பே நகர்ந்திருந்தால் அளவு நம்பகமாக இருக்காது. அப்படிப்பட்ட கேஸ்களை ஆரம்பத்திலேயே தனியாகப் பிரித்துவிடுங்கள்.

வைவாவில் இந்தப் படத்தை வைத்தால், தரையில் பாதிக்கு மேல் உடைந்திருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல் எந்தச் சுவர், எவ்வளவு பின்னால், தசை என்ன வடிவம் என்று நீங்களே தொடர்ந்து சொல்லுங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் குழந்தையைப் பற்றித்தான் வரும். அங்கே இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. குழந்தையின் எலும்பு வளைந்து திறந்து, திரும்ப மூடிக்கொண்டு தசையைக் கவ்விவிடும். கொள்ளளவு கூடியிருக்காது. முறிவுக் கோடுகூடத் தெரியாமல் போகலாம். வெள்ளை விழியில் சிவப்பும் இருக்காது. ஆனால் குழந்தையால் மேலே பார்க்க முடியாது. வாந்தி எடுக்கும், நாடித்துடிப்பு குறையலாம். தலையில் அடி என்று நினைத்து மூளை ஸ்கேன் மட்டும் கேட்டு அனுப்பியிருப்பார்கள். குழிக்குள் இன்ஃபீரியர் ரெக்டஸ் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால், ரிப்போர்ட் டைப் செய்வதற்கு முன் கண் அறுவை மருத்துவருக்கு போன் செய்யுங்கள்.